நடமாடும் நூலகத்துக்கு ஒரு மலர்வளையம்

பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்று யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், எந்தப் பக்கத்தில் என்று அவர்கள் கேட்டுவிடக்கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வேன். கேட்பவர்கள் அரசியலை நினைத்துக்கொண்டு கேட்பார்கள். நான் இருந்தது மரண அறிவித்தல் பக்கத்தில். கொழும்பில், மின்விசிறி அரை வேகத்தில் சுற்றும் ஓர் அறையில், இறந்தவர்களின் பிறப்பிடத்தையும் வசிப்பிடத்தையும் சரிபார்த்து, பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் வாழும் நாடுகளை அடைப்புக்குறிக்குள் போட்டு, மருமக்களில் எவரும் விடுபடவில்லை என்று உறுதிசெய்வதுதான் என் ஊடகப்பணி. (விடுபட்ட மருமகன் ஒருவர் கனடாவிலிருந்து தொலைபேசியில் என்னைத் திட்டினார். என் எழுத்தை யாரோ கவனமாகப் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.)

பத்திரிகை மெலிந்தபோது உதிர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. மட்டக்களப்புக்குத் திரும்பி, நூலகவியலில் ஒரு டிப்ளோமா முடித்து, வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு பிரதேச சபையின் பொது நூலகத்தில் நூலகரானேன். அந்த நூலகத்தில் என்னைவிடப் பெறுமதியான பொருள் ஒன்று இருந்தது. அது ஓர் ஓட்டோ.

யாரோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன ஓட்டோ அது. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் தட்டு அடித்துப் புத்தகம் அடுக்கியிருந்தார்கள். கூரையில் ஒலிபெருக்கி. வாரத்தில் ஒரு நாள் நானும் சாரதி றிஸ்வானும் அதில் ஏறி, வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போவோம். கடப்பது பாதையில். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு அல்ல. இரண்டு படகுகளைச் சேர்த்து மேலே பலகை அடித்து, மோட்டார் சைக்கிளையும் உழவு இயந்திரத்தையும் மனிதர்களையும் ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் ஒன்று. பாலம் இருக்கும் இடம் தூரம். படுவான்கரையில் நூலகம் இல்லை. எங்கள் ஓட்டோ போனால்தான் அங்கே புத்தகம்.

அங்கே எங்களுக்கு இருந்த வாசகர்களில் முதன்மையானவர் மருதஞ்சேனை சீனித்தம்பி அண்ணன். ஓய்வுபெற்ற வட்டைவிதானை. ஒரு வட்டையில் இருக்கிற வயல்களுக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பு அது. அந்த ஊரில் அவரோடு கோபம் இல்லாதவர்கள் வயல் இல்லாதவர்கள் மட்டும்தான். துப்பறியும் கதையானாலும் சமையல் புத்தகமானாலும் சிறுவர் கதையானாலும் தட்டில் இருக்கிற வரிசைப்படியே எடுத்துப் படிப்பார். தண்ணீர்முறையைப்போலப் புத்தகத்துக்கும் ஒரு முறை இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பும்போதே படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து நிற்பார். எப்போதும் ஒரே கேள்வி.

"இண்டைக்கு என்ன கொண்டு வந்த, தம்பி?"

"புதுசு ஒண்டுமில்ல அண்ணன். மிஸ் பழசத் தூசு தட்டி வெச்சிரிக்கா," என்பான் றிஸ்வான். அவன் ஏறாவூர்க்காரன். எதையும் மறைக்கத் தெரியாது.

இந்தச் சேவைக்குத்தான் ஒரு நாள் கண்டம் வந்தது. பிரதேச சபையின் தவிசாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த சபைக் கூட்டத்தில் நடமாடும் நூலகத்தை நிறுத்தும் பிரேரணை வருகிறது என்றார்.

"ஆக்கள் வாறாங்க எண்டு காட்டுங்க மிஸ். காட்டினா நான் கதைக்கலாம்."

"படுவான்கரையில வந்து பார்த்தாத் தெரியுமே சேர்."

"அங்க போய்ப் பாக்க ஆருக்கு நேரம்? பேஸ்புக்கில பேஜ் ஒண்டத் துறங்க. இப்ப எல்லாரும் அதிலதானே இருக்காங்க."

ஆக, புத்தகம் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று புத்தகம் வாசிக்காதவர்களிடம் நிரூபிப்பதற்காக நான் பக்கம் ஒன்றைத் திறந்தேன்.

முதல் சில வாரங்கள் புத்தக அட்டைகளைப் படம் பிடித்துப் போட்டேன். விருப்பக்குறி இட்டவர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஒரே சட்டியில் சோறு போடலாம்; என் கணவர் சுதன், அவருடைய தங்கை, றிஸ்வான், றிஸ்வானுடைய மச்சான், பிறகு கானாவில் இருந்து ஒருவர். (அவர் பிறகு என்னிடம் காசு கேட்டார்.) வாசிப்பின் பயன்கள் பற்றி அழகான சில வரிகள் எழுதிப் போட்டேன். அதற்குக் கானாக்காரரும் வரவில்லை. புத்தகங்களை மக்கள் பார்க்க மாட்டார்கள், மனிதர்களைத்தான் பார்ப்பார்கள் என்று பத்திரிகைக்காரி மூளை சொன்னது. மாதம் ஒரு வாசகரை அறிமுகப்படுத்தலாம். முதல் வாசகர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சீனித்தம்பி அண்ணனிடம் படம் கேட்டேன். அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. பொலிஸாருக்குப் பதில் சொல்வதுபோல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை வைக்க இலவசச் சட்டங்கள் தரும் ஒரு செயலியில் தேடினேன். இதயம் போட்டதும் பலூன் போட்டதும் ஒரு வட்டைவிதானைக்குப் பொருந்தவில்லை. கடைசியில் மிக அடக்கமான ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஊதா நிறப் பின்னணி, ஓரத்தில் வெள்ளைப் பூக்கள், கீழே எரியும் ஒரு குத்துவிளக்கு. விளக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அறிவின் ஒளி.

பிறகு எழுத உட்கார்ந்தேன். ஒரு மனிதரைப் பற்றி எழுத என் கைக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அது தானாகவே ஓடியது.

"மருதஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட திரு. மூத்ததம்பி சீனித்தம்பி (ஓய்வுபெற்ற வட்டைவிதானை) அவர்கள், காலஞ்சென்ற மூத்ததம்பி – தங்கம்மா தம்பதிகளின் அன்புப் புதல்வரும், பூமணியின் அன்புக் கணவரும், சுமதியின் (கட்டார்) பாசமிகு தந்தையும், எமது நடமாடும் நூலகத்தின் ஒப்பற்ற வாசகருமாவார். அன்னாரின் வாசிப்பு எமக்கெல்லாம் வழிகாட்டி. தகவல்: நூலகர்."

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. பெயர் எதுவும் விடுபடவில்லை. நூலகம் மூடும் நேரத்தில் பதிவேற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். என் தொலைபேசியை மகள் இணைய வகுப்புக்கு வாங்கிக்கொண்டாள். அன்று பிறகு நான் அதைத் தொடவில்லை.

அடுத்த நாள் படுவான்கரை போகும் நாள். காலையில் துறைக்குப் போகும் வழியில் ஓட்டோவுக்குள் இருந்து தொலைபேசியைப் பார்த்தபோது பக்கத்தின் மணிக்குறி தொண்ணூற்றொன்பதுக்கு மேல் என்று காட்டியது. வாழ்க்கையில் எதிலும் நான் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியதில்லை. பதிவைத் திறந்தேன். சிக்னல் தடுமாறியது, கருத்துகள் திறக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் தெரிந்தது. அழும் முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. நடுவில் ஒரே ஒரு சிவப்பு இதயம். அது சுதன். என் பதிவுகளைப் படிக்காமலே இதயம் போடுவது அவருடைய குடும்பக் கடமை.

"பாருங்க றிஸ்வான், சனம் உருகிப்போய்ட்டு."

றிஸ்வான் எட்டிப் பார்த்தான். "ஏன் மிஸ் எல்லாரும் அழுறாங்க?"

"ஒரு சாதாரண மனிசனக் கௌரவிச்சா அப்பிடித்தான். மனசத் தொட்டிரிக்கி."

 அடுத்த சபைக் கூட்டத்தில் தவிசாளர் இந்த எண்ணிக்கையைக் காட்டி எழுந்து நின்று பேசுவதை நான் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதையில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். வெள்ளை வேட்டிகள், வெள்ளைச் சேலைகள். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள். சுருட்டிய பனர் ஒன்றை ஒருவர் தோளில் வைத்திருந்தார். எங்கள் ஓட்டோவுக்குப் பக்கத்தில், மலர்வளையம் நசுங்காமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண் சிவந்த ஒருவர் நின்றார். அறுபது வயதிருக்கும். செத்தவீடு என்றதும் என் பழைய தொழில் தலையெடுத்தது.

"செத்தவீடு எங்க, அண்ணன்?"

"மருதஞ்சேனை. எங்கட மூத்தவர். சீனித்தம்பி வட்டைவிதானை."

நான் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், எனக்குத் துக்கம் வந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சின்ன ஆறுதலும் வந்தது. நல்ல வேளை, மனிதர் போவதற்கு முன்னால் அவரைப் பாராட்டி எழுதிவிட்டோம். இறுதி மரியாதையாக இன்னொரு பதிவு போட வேண்டும் என்று முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன்.

"எங்கட ஆகப் பெரிய வாசகர் அவர். போன கிழமையும் வந்து புத்தகம் எடுத்தவர். என்ன நோய்வருத்தம்?"

"தெரியா. நாங்க கதைபேச்சில்ல. நான் தேற்றாத்தீவில கலியாணம் கட்டி இஞ்சால வந்திட்டன்." மலர்வளையத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். "ஒரு போகம் தண்ணிமுறையில கோபம். என்ட வயல் காஞ்சி கிடக்கக்குள்ள, உன்ட முறை முடிஞ்சிது எண்டு வாய்க்கால் துருசப் பூட்டினவர். சொந்தத் தம்பிக்கு. அதோட விட்ட."

றிஸ்வான் எப்போதோ சொல்லியிருந்த, அண்ணனோடு பேசாத தம்பி அழகையா இவர்தான் என்பது அப்படித் தெரிந்தது. ஒரு செய்தியை இரண்டு இடத்தில் உறுதிப்படுத்தாமல் ஏற்கக்கூடாது என்று பத்திரிகையில் சொல்லித்தந்திருந்தார்கள். அந்தப் பாடம் எனக்கு வாவியின் நடுவில் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு ஆர் அண்ணன் சொன்ன?"

"பேஸ்புக்கில போட்டிருந்த."

"ஆர் போட்ட?"

"ஆரோ லைப்ரரி."

அவர் மலர்வளையத்தை ஒரு கைக்கு மாற்றித் தொலைபேசியை எடுத்துக் காட்டினார். ஊதாப் பின்னணி. வெள்ளைப் பூ. குத்துவிளக்கு. பொலிஸாரைப் பார்க்கும் சீனித்தம்பி அண்ணன்.

கருத்துகள் அவருடைய தொலைபேசியில் நன்றாகத் திறந்தன. ஆழ்ந்த இரங்கல்கள். ஓம் சாந்தி. அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும். நல்ல மனிதர்களுக்கு இவ்வுலகில் இடமில்லை. ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் வந்த அனுதாபங்கள். எங்கள் தவிசாளர், இரங்கல் செய்தியோடு தன்னுடைய படத்தையும் சேர்த்துத் தனிப்பதிவாகவே போட்டிருந்தார். அதில் இறந்தவரைவிடத் தவிசாளர் பெரிதாக இருந்தார். சுதனின் இதயத்துக்குக் கீழே எட்டுப் பத்துப் பேர் கூடி நின்று, ஒரு மனிதன் செத்ததைக் கொண்டாடும் நீயெல்லாம் ஒரு பிறவியா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவற்றுக்கெல்லாம் நடுவில் சுமதி, கட்டாரிலிருந்து, எழுதியிருந்தாள்: "அப்பா உயிரோட இருக்கார். இப்பதான் கதைச்சன். தயவுசெஞ்சி ஆரும் பகிராதீங்க." அதற்குக் கீழே வந்த பதில்கள்: "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் சகோதரி." "அதிர்ச்சியில் பேசுகிறீர்கள், கடவுள் துணை." "தைரியமாக இருங்கள்."

நான் பத்திரிகையில் இருந்த அத்தனை காலத்திலும் என் எழுத்து இவ்வளவு பேரைச் சென்றடைந்ததில்லை. ஒருவர்கூட வாசிக்கவும் இல்லை.

"மிஸ்," என்று றிஸ்வான் என் காதருகே குனிந்தான். "இப்ப சொல்லாதீங்க. இஞ்ச ஆழம்."

ஆனாலும் சொன்னேன்.

"அண்ணன், இது மரண அறிவித்தல் இல்ல. பாராட்டு."

அழகையா என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

"காலஞ்சென்ற எண்டு கிடக்கே."

"அது உங்கட அப்பா அம்மாவச் சொன்ன."

"அன்னார் எண்டு போட்டிரிக்கி."

"மரியாதைக்கு."

"தகவல் எண்டு கிடக்கு."

"அது நான்தான்."

"விளக்கு எரியுது."

"அது அறிவு, அண்ணன்."

பாதை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப்போல மெதுவாகப் போகும் வாகனம் உலகத்தில் வேறு இல்லை. வெள்ளைச் சேலைக்காரப் பெண் ஒருத்தி, "அப்ப மனிசன் சாகல்லயா?" என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "அப்ப நான் ஏன் கா வேலைக்கு லீவு போட்ட?" என்றாள். கதிரைக்காரர், ஏற்றின கூலியை யார் தருவது என்று பொதுவாக வாவியைப் பார்த்துக் கேட்டார். பாதை ஓட்டுபவர் மட்டும் கரையைப் பார்த்து, "அந்தா நிக்காரே," என்றார்.

நின்றார். துறையடியில், மருதமரத்துக்குக் கீழே, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் போன கிழமை எடுத்த புத்தகங்களோடு. இரவு முழுக்க வெளிநாட்டு அழைப்புகளுக்கெல்லாம் தான் சாகவில்லை என்று பதில் சொல்லி, தொலைபேசி உயிர்விட்ட பிறகு, இந்தச் செய்தியின் மூலத்தைத் தேடி நேரிலே வந்திருந்தார். எனக்குத் தெரிந்த செய்தியாளர்களில் ஒருவர்கூட அவ்வளவு முறையாக வேலை செய்ததில்லை.

பாதை கரையில் தட்டியது. யாரும் இறங்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் நெஞ்சில் மலர்வளையம், அதில் "அன்புத் தம்பி குடும்பம்" என்று வெள்ளை ரிப்பன்.

அழகையாதான் முதலில் வாய் திறந்தார்.

"உயிரோட இரிக்கிறதெண்டா ஒரு சொல் சொல்லியிரிக்கலாம்தானே."

"எப்ப கேட்டநீ?" என்றார் சீனித்தம்பி அண்ணன்.

"ஊர் முழுக்கச் சிரிக்கப்போகுது."

"அழத்தானே வந்தநீ. வந்த வேலையப் பாரு."

"ஆருக்கு அழுற? உனக்கா?"

"ரிப்பன்ல போட்டிரிக்கே."

அழகையா ரிப்பனைப் பார்த்தார். அதைச் சுருட்டி உள்ளுக்குள் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. கரையில் ஒரு கால் வைத்திருந்தால் போதும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். பாதையில் நின்ற எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சீனித்தம்பி அண்ணன்கூடக் கக்கத்துப் புத்தகங்களை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார், ஒரு கை தேவைப்படலாம் என்பதுபோல. அழகையா மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று சுற்றிவரப் பார்த்தார். வாவிக்குள் போட மனமில்லை. திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. கடைசியில் அதை எங்கள் ஓட்டோவின் புத்தகத்தட்டில், சிறுவர் கதைகளுக்கு மேல் வைத்துவிட்டு, பாதைக்காரரைப் பார்த்து, "திருப்பு," என்றார்.

ஓட்டோவும் நாங்களும் மட்டும் இறங்கினோம். பாதை வெள்ளை உடுப்புகளோடும் கதிரைகளோடும் திரும்பிப் போனது. அது நடுவாவிக்குப் போகும்வரைக்கும் சீனித்தம்பி அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு றிஸ்வானிடம் திரும்பினார்.

"இண்டைக்கு என்ன கொண்டு வந்த, தம்பி?"

றிஸ்வான் மலர்வளையத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான்.

அன்று மாலையே திருத்தம் வெளியிட்டேன். "எமது வாசகர் திரு. சீனித்தம்பி அவர்கள் நலமுடன் இருக்கிறார். தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்." அதற்குச் சுதன், அவருடைய தங்கை, றிஸ்வான், றிஸ்வானுடைய மச்சான் ஆகியோர் விருப்பம் தெரிவித்தார்கள். ஒருவர் மட்டும், "எந்தச் சீனித்தம்பி?" என்று கேட்டார். பத்திரிகையிலும் திருத்தத்தை நாங்கள் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் போடுவோம். அதை யாரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

அந்த வாரக் கடைசியில் சீனித்தம்பி அண்ணன் வாவியைக் கடந்து நூலகத்துக்கே வந்தார். கோபமாகத்தான் வந்திருப்பார் என்று எழுந்து நின்றேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"புள்ள, அழகையன் எனக்கு ஒண்டு எழுதிப் போட்டானாமே. சுமதி சொன்ன. இப்ப தேடினா இல்லயாம்."

இருந்தது. பாதையில் திரும்பிப் போன அன்றிரவே அழகையா தன் இரங்கல் பதிவை அழித்துவிட்டார். ஆனால் நான் அதற்கு முன்பே படமெடுத்து வைத்திருந்தேன். அழியப்போவதை எடுத்துவைப்பது பத்திரிகைப் பழக்கம். அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதை எல்லாப் புத்தகங்களையும் வாசிப்பதுபோலத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசித்தார். "என் அண்ணன் நீதிமான். சொந்தத் தம்பியின் வயல் காய்ந்தபோதும் முறை தவறி ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத மனிதன். உன்னைப்போல இனி யார்," என்று போனது அது.

வாசித்து முடித்துத் தாளை நான்காக மடித்தார்.

"பிழையா எழுதியிரிக்கான்."

"என்ன பிழை?"

"ரெண்டு தரம் அவன்ட வயலுக்குத் துருசத் துறந்து விட்டனான். ஆருக்கும் தெரியா. அவனுக்கும் தெரியா."

"சொல்லியிருக்கலாமே, அண்ணன்."

"விதானை தம்பிக்கு மட்டும் தண்ணி விட்டான் எண்டு ஊர் சொல்லுமே." தாளைச் சட்டைப்பையில் வைத்தார். "இப்ப சொன்னா, அவன் எழுதினது பொய்யாப் போயிரும். இருக்கட்டும்."

சபைக் கூட்டம் நடந்தது. எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுந்து, தவிசாளரின் இரங்கலைப் பெற்றுக்கொண்டு இன்னும் உயிரோடிருக்கும் முன்னாள் வட்டைவிதானைக்காக ஒரு நிமிட மௌனம் அனுட்டிக்க வேண்டும் என்றார். தவிசாளர் அதற்கு மௌனமாகவே இருந்தார். பிறகு நடமாடும் நூலகத்தின் விடயம் வந்தது. என் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள். இந்த மாவட்டத்தில் எந்தச் சபைக்கும் இவ்வளவு பின்தொடர்வோர் இல்லை என்று செயலாளர் சொன்னார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"பாத்தீங்கதானே," என்றார் தவிசாளர். "மிஸ் நல்ல வேலை செஞ்சிரிக்கா. சனம் எல்லாம் பேஜுக்கு வந்திட்டு. மறுகா எதுக்கு ஓட்டோ?"

யாரும் எதிர்க்கவில்லை. புத்தகங்களின் படங்களைப் பக்கத்தில் போட்டால் போதும், படுவான்கரைக்காரர் பார்த்துக்கொள்வார்கள் என்று தீர்மானம் நிறைவேறியது. சேவையைக் காப்பாற்றத் திறந்த பக்கமே சேவையை முடித்து வைத்தது. ஓட்டோவில் ஒலிபெருக்கி நல்ல நிலையில் இருந்ததால், பொதுமக்களுக்குத் தேவையான அறிவித்தல்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று யாரோ சொன்னார்கள். தட்டுகளைக் கழற்றினோம். மலர்வளையம் காய்ந்து இன்னும் அங்கேயே இருந்தது. ரிப்பனை எடுத்துவிட்டு நூலகத்துக்குப் பின்னால் போட்டேன். நடமாடும் நூலகத்துக்குக் கிடைத்த ஒரே மலர்வளையம் அது.

பொதுமக்களுக்குத் தேவையான அறிவித்தல் எது என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. செத்தவீடு. ஓட்டோ கிடைத்தது, சாரதி கிடைத்தான், வாசகம்தான் வேண்டும். அதை யார் எழுதுவது என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. "லைப்ரரி மிஸ் உயிரோட இரிக்கிறவனுக்கே அப்பிடி எழுதினவ," என்று என்னை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்கிறார்கள். இன்று எங்கள் நூலகத்துக்கு முன்பைவிட ஆட்கள் வருகிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயர், நாடு, மருமக்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். நான் எழுதுகிறேன். காத்திருப்பவர்கள் பத்திரிகை வாசிக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டிலும் இது நின்றுவிடவில்லை. மகள் பரீட்சையில் சித்தியடைந்தபோது அவளைப் பாராட்டிப் பேஸ்புக்கில் இரண்டு வரி எழுத உட்கார்ந்தேன். சுதன் தொலைபேசியைப் பறித்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். "விளக்கு இல்ல, பூ இல்ல, காலஞ்சென்றவங்க ஒருத்தரும் இல்ல. போடலாம்," என்றார். மகளின் பிறந்தநாளுக்கும் இதே பரிசோதனை நடக்கிறது. படிக்காமல் இதயம் போடுவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார்.

சீனித்தம்பி அண்ணன் முழங்கால் இடம்கொடுக்கும் நாட்களில் பாதையில் வந்து புத்தகம் மாற்றிக்கொண்டு போகிறார். முழங்கால் மறுக்கும் நாட்களில் வருவதில்லை. அந்த நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன. வரும்போதெல்லாம், "என்ட அறிவித்தலக் கவனமா வெச்சிரிக்கிறதானே புள்ள? திகதி மட்டும் போட்டாச் சரி. தம்பியக் கட்டாயம் சேரு," என்று சொல்லிவிட்டுப் போவார்.

றிஸ்வான்தான் இன்னமும் ஓட்டோ ஓட்டுகிறான். மருதஞ்சேனைப் பக்கம் அறிவித்தல் சொல்லிக்கொண்டு போகும்போது, ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் அந்தப் படலை திறக்குமாம். கக்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தோடு மனிதர் தெருவுக்கு வந்து நிற்பாராம். ஓட்டோவுக்குள் தட்டு இல்லை, புத்தகம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்பாராம்.

"இண்டைக்கு என்ன கொண்டு வந்த, தம்பி?"

றிஸ்வான் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, இறந்தவரின் பெயரைச் சொல்வானாம். பெரும்பாலும் அது அண்ணனோடு தண்ணீர்முறையில் கோபித்துக்கொண்ட ஒரு வயல்காரரின் பெயர்.

"அத நான் வாசிச்சிட்டன்," என்பாராம் சீனித்தம்பி அண்ணன்.